மாதுளை மரத்துப் பாட்டு

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' என்றால் உப்பரிகைச் சல்லாபத்தையே ரசிகர்கள் பலரும் போற்றிப் பேசுவார்கள். எனக்கோ, மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியில், மணமான முதல் இரவு கழிந்து கிழக்கு வெளுக்கும் வேளையில் அவ்விருவரும் ஒரு பறவையின் குரலைக் குறித்து வாதாடுகிறார்களே, அந்தச் சில வரிகளிலேதான் மகாகவியின் கைவண்ணம் பூரணமாகத் தெரிகிறது.

ஜூலியட்டின் மாமன் மகன் டைபால்ட்டைக் கொன்றதற்காகத் தேசப்பிரஷ்டம் விதிக்கப்பட்ட ரோமியோ, விடிவதற்குள் வெரோனாவை விட்டு மாண்டுவாவுக்குப் புறப்பட்டாக வேண்டும். பாடியது மாதுளை மரத்து நைட்டிங்கேல், இரவு இன்னும் இருக்கிறது என்று சாதிக்கிறாள் ஜூலியட். இல்லை, அது வைகறையை அறிவிக்கும் வானம்பாடி, தங்கினால் மரணம் என்கிறான் அவன். அவள் மீண்டும் மன்றாடவே சித்தம் நெகிழ்ந்து, உன் விருப்பம் அதுவானால் விடியவில்லை என்றே வைத்துக்கொள்வோம், பிடிபட்டுச் சாவதும் எனக்குச் சம்மதமே என்று இசைந்துவிடுகிறான். அந்தச் சொல் செவியில் விழுந்த க்ஷணமே, பதினான்கு வயதுகூட நிரம்பாத அந்தப் பெண் பதறிப்போய், விடிந்துவிட்டது, போய்விடு, அபஸ்வரமாகப் பாடுவது வானம்பாடியேதான் என்று அவனை விரட்டுகிறாள்! இதைச் சபலம் என்று சொல்ல மனம் வருமா? கேட்ட வரம் கிடைத்த மாத்திரத்தில் அதன் விலையைக் கண்டுகொண்ட பிரேமையின் நடுக்கமல்லவா அது? இக்காட்சியை நடிப்பவர்கள் அவன் இசைவுக்கும் அவள் பதற்றத்துக்கும் நடுவே ஒரு மூச்சு நேரமாவது மௌனம் காக்க வேண்டும்; அந்த மௌனத்தில்தான் அவள் குழந்தைப் பருவம் கழிகிறது.

1562-இல் ஆர்தர் புரூக் பாடிய காவியத்தில் பல மாதங்கள் நடந்த கதையை, ஞாயிறு காலையில் தொடங்கி வியாழன் விடியலில் முடியுமாறு ஷேக்ஸ்பியர் சுருக்கிக்கொண்டதால், பாவங்கள் ஒன்றன்மேல் ஒன்று அலைபோல் வந்து மோதுகின்றன. ஆரம்பத்தில் ரோசலீன் என்னும் வேறொருத்திக்காக ஏங்கும் ரோமியோ முரணான சொற்களை ஜோடி ஜோடியாக அடுக்குகையில், இது ஏட்டில் கற்ற விரகம் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. தன் மாமன் மகனைக் கொன்றவன் தன் கணவனே என்று கேட்ட ஜூலியட்டின் வாயில் அதே முரண் அணி வரும்போதோ, அது அலங்காரமாக இல்லாமல் நெஞ்சு இரண்டாகப் பிளக்கும் ஓசையாகவே கேட்கிறது. கூடச் சேர்ந்து தாதியும் அவனைத் தூற்றியதுதான் தாமதம், அவள் சீற்றம் முழுவதும் தாதியின்மேல் திரும்பிவிடுகிறது.

தேசப்பிரஷ்டம் என்ற ஒரு சொல்லுக்காகப் பாதிரியார் லாரன்ஸின் அறையில் தரையில் விழுந்து புரண்டு அழுத அதே ரோமியோ, மாண்டுவாவில் ஜூலியட் இறந்தாள் என்ற செய்தி வந்தபோது அழவில்லை. விதியை எதிர்த்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, மையும் காகிதமும் கொண்டுவா, குதிரைகளை அமர்த்து என்று பணியாளிடம் சொல்கிறான்.