வறட்சியும் வாக்கும்

வறண்ட காலத்தார்க்கு விவிலியம் கூறும் நம்பிக்கையைத் தமிழ் அகமரபோடு ஒப்பிடப் புகுவார்க்கு முதற்கண் தோன்றுவது பாலைத்திணையே. அவ்வொப்பீடு முற்றும் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஏசாயா நூலின் 35ஆம் அதிகாரம் வறுநிலம் பூக்கும் என வாக்களிக்கின்றது. அந்நிலத்தைப் பழைய மொழிபெயர்ப்பு ‘வனாந்தரம்’ என்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘பாலைநிலம்’ என்றது. வனாந்தரம் என்பது தமிழர் செவிக்குக் காட்டின் உட்பகுதியை நினைப்பிக்குமேயன்றி நீரின்மையை உணர்த்தாது. ஆதலின் பாலை என்பதே தக்க சொல். எனினும் அச்சொல் தன்னோடு ஒரு கொள்கையையும் கொணர்கின்றது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்து பாலையாம் என்பது சிலப்பதிகாரக் கருத்து. திரிந்த நிலம் மழை பெய்தால் மீளும். அங்ஙனமாயின் நம்பிக்கைக்கு அடிப்படை பருவத்தின் சுழற்சியே என்றாகும்.

அது போதாது என்பதற்குக் கொங்குநாடே சான்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ளது கோவை வட்டாரம். பல திங்கள் வறண்டு கிடக்கும் நொய்யலில், மலையில் மழை பொழிந்ததும் புதுவெள்ளம் வரும். வறண்ட ஓடைகளில் நீர் திரும்புதலை உவமையாக்கும் 126ஆம் சங்கீதம் இந்நிலத்து உழவர்க்கு உரை வேண்டாது விளங்கும். ஆயின் பருவம் பொய்த்தலையும் இவர்கள் அறிவர். 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் கோயம்புத்தூர் மாவட்டத்தையும் வாட்டியது. 2016இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பினும் 62 விழுக்காடு குறைந்தது. மானாவாரி உழவர்க்குப் ‘பருவம் வரும்’ என்பது உறுதிமொழி ஆகாது. அச்சங்கீதம் கண்ணீரோடு விதைப்பாரைக் கூறுவதும் இதனாலேயாம். மழை உறுதிப்படுமுன் விதையை மண்ணில் இடுவோரின் கண்ணீர் அது.

எனவே நாம் பாலையை விடுத்து முல்லையை நோக்குதல் வேண்டும். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். அவ்விருத்தலைத் தாங்குவது தலைவன் சொல். குறுந்தொகை 21ஆம் பாட்டில் ஓதலாந்தையாரின் தலைவி, கொன்றை பூத்துக் கார்காலத்தை அறிவித்தும் அதனை ஏற்க மறுக்கின்றாள். தலைவன் பொய்யுரையான் என்பதே அவள் காரணம். பருவத்தினும் வாக்கே அவட்குப் பெரிது.

ஆபகூக் நூலின் 3ஆம் அதிகாரம் இதனோடு ஒப்பிடத்தக்கது. அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுமந்தை, மாட்டுத்தொழுவம் என்னும் ஆறும் பயன் அற்றொழியினும் தாம் மகிழ்தல் கூறுகின்றார் தீர்க்கதரிசி. பட்டியும் கட்டுத்தரையும் வெறுமையாதலின் பொருளைக் கொங்கு உழவர்க்கு எடுத்துரைக்க வேண்டா. இருவர்க்கும் பற்றுக்கோடு வாக்கே. ஆயினும் வேறுபாடு ஒன்று உளது. தலைவி கண்ணெதிர்ப் பூவை மறுத்துத் தன் நம்பிக்கையைக் காத்துக்கொள்கின்றாள். தீர்க்கதரிசியோ இழப்பை ஒன்றேனும் மறையாது எண்ணிக் கூறிய பின்னரே நம்புகின்றார்.

விவிலியம் காட்டும் வறுநிலத்திற்குப் பெயர் தருவது பாலை. அந்நிலத்து மாந்தரின் உள்ளத்திற்கு உரை தருவது முல்லை. இழப்பை மறுக்காது எண்ணிக் கூறும் துணிவு அம்முல்லைக்கும் அப்பாற்பட்டது. ஒப்பியல் ஆய்வு இவ்வேறுபாட்டையும் தழுவுதல் வேண்டும் என்பது நம் கருத்து.