பனிப்பலகைப் பிணைப்பிகள்: வசதியும் பிடிப்பும்

ஸ்னோபோர்டு எனப்படும் பனிப்பலகையுடன் காலணியை இணைக்கும் கருவி பிணைப்பி ஆகும். பனிச்சறுக்குக் கட்டைகளின் பிணைப்பியைப் போல இது விழும்போது தானாகக் கழலாது. எனவே இதை வசதியைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது தவறு.

1990களில் வாரின்றி, மிதித்தாலே பூட்டிக்கொள்ளும் வகைகள் பரவின. காலணியின் அடியில் பனி அடைத்தால் அவை சரியாகப் பூட்டவில்லை. பின்னர் வார் வகையே மீண்டும் மேலோங்கியது. 2017இல் பர்ட்டன் நிறுவனத்தின் 'ஸ்டெப் ஆன்' பூட்டைக் குதிகாலுக்கும் முன்பாதத்தின் இரு பக்கங்களுக்கும் மாற்றியது. இது முன்னேற்றமே. ஆனால் அதற்கென்றே செய்த காலணி தேவை; பாதத்துக்குப் பொருந்தும் காலணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இதனால் சுருங்குகிறது.

பலகையின் விளிம்பில் சாய்ந்து வளையும் கார்விங் பந்தயங்களில் கடினக் காலணியும் தட்டுப் பிணைப்பியுமே வழக்கம். 2018, 2022 ஒலிம்பிக்கில் இணைப் பெருஞ்சரிவுப் போட்டியில் தங்கம் வென்ற செக் வீராங்கனை எஸ்தர் லெடெட்ஸ்கா இவ்வகையினர். விறைப்பு விளிம்புக்கு உடனே விசை தரும். தொடங்குபவரின் சிறு பிழையையும் அது மன்னிக்காது.

எவ்வகையானாலும் அதிர்வில் திருகுகள் தளரும். ஒரு கால் கழன்று மறுகால் பூட்டியிருந்தால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். சறுக்கும் முன் திருகுகளைச் சோதிப்பது விலையுயர்ந்த பிணைப்பியை விட முக்கியம்.