சொல்லற்ற மெட்டில் ஒரு சோதனை

பட்டுச் சேலையின் தரத்தை அறிய விரும்பும் ஆரணி நெசவாளர் முந்தியின் ஜரிகையில் கண்ணைப் பறிகொடுப்பதில்லை. சேலையின் உடற்பகுதியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். பாவும் ஊடும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பது அங்கே தெரிந்துவிடும். பாடலுக்கும் அத்தகைய சோதனை ஒன்று உண்டு. சொல்லையும், பாடகரின் குரலினிமையையும், பின்னணி வாத்தியக் கூட்டத்தையும் அகற்றிவிட்டு, மெட்டை மட்டும் பியானோவில் வாசிக்கக் கேட்பதே அது. பியானோவின் ஒலி பிறந்த கணத்திலேயே தேயத் தொடங்குகிறது; எழுப்பிய சுரத்தை மேலும் பெருக்கவோ, வளைக்கவோ, குழைக்கவோ அக்கருவியால் இயலாது. எனவே மெட்டில் உண்மை இல்லையென்றால் பியானோ அதை மறைத்துக் காப்பாற்றாது.

இச்சோதனையில் வியக்கத்தக்க வகையில் தேறி வருபவை ஜப்பானிய மெல்லிசைப் பாடல்கள். எங்கள் ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர் ஒருவர் சில மாதங்களாக இவற்றைப் பயின்று வருகிறார். மாலை வேளைகளில் எனக்கும் வாசித்துக் காட்டுகிறார். ஆரணிப் பங்கில் இருந்துகொண்டு ஜப்பானியத் திரைப்பாட்டையும் மெல்லிசையையும் ஆராய்வானேன் என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். அவற்றுள் ஒன்று நம் மக்களைப் பற்றியது என்பதே என் முதல் விடை. அதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

இப்பாடல்கள் பியானோவுக்கு ஏன் இவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றன? ஜப்பானியச் செவி மேலை இசையைப் பள்ளிக்கூடத்தின் காற்றுப்பெட்டி ஆர்கன் வழியாகவே பெரிதும் கற்றது. 1887இல் ஹமாமட்சு நகரின் தொடக்கப்பள்ளி ஒன்றில் பழுதடைந்த ஆர்கனைச் செப்பனிட வந்த தொராகுசு யமாஹா என்பவர், பின்னர் தாமே ஆர்கன் செய்யத் தொடங்கினார். நம் ஆலயங்களின் கீபோர்டுகளில் காணும் பெயர் அவருடையதே. (அதே ஹமாமட்சுவில் 1909இல் தறி செய்யும் பட்டறையாகத் தொடங்கியதுதான் இன்று நம் தெருக்களில் ஓடும் சுசுகி வண்டிகளின் நிறுவனம் என்பது நம் நெசவாளர்களுக்கு வியப்பளிக்கும்.) மேலும், ஜப்பானிய மெல்லிசையில் பெரிதும் பயின்று வரும் ஐந்து சுர வரிசை ஒன்று மேலைச் சுரங்களில் நான்காவதையும் ஏழாவதையும் விலக்கியது. நம்மவர் கேட்டால் உடனே மோகனம் என்று அடையாளம் காண்பர். அந்நிய நாட்டு மெட்டு நமக்கு அந்நியமாகத் தோன்றாததன் காரணம் பாதி இதில் அடங்கும்.

எல்லா ஜப்பானியப் பாடல்களும் இவ்வாறு தேறிவிடுவதில்லை. 'எங்கா' என்னும் வகை, குரலை நடுங்கச் செய்தும் சுழற்றியும் பாடப்படுவது. அந்தச் சுழற்சியே அதன் உயிர். பியானோவில் அது வற்றிப்போகிறது, கமகம் நீங்கிய நம் கீர்த்தனையைப் போல. ஆகவே எந்தப் பாடலையும் பியானோவில் வாசித்தால் அழகாகிவிடும் என்று இளைஞர்கள் எண்ணுவது பிழை.

தேறியவற்றுள் உலகறிந்தது, கியூ சாகமோட்டோ 1961இல் பாடிய 'உஏ ஓ முய்த்தே அருகோ'. மேல்நோக்கி நடப்போம் என்பது அதன் தலைப்பின் பொருள். மெட்டமைத்த ஹச்சிதாய் நகமுரா ஒரு ஜாஸ் பியானோ கலைஞர். எழுதியவர் ரொகுசுகே எய். அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து 1960இல் எழுந்த மக்கள் போராட்டம் தோற்ற ஏமாற்றமே இப்பாடலின் கரு என்பர். ஆனால் பாடலில் அரசியல் ஒரு சொல்லும் இல்லை. தனியே நடக்கும் ஒருவன் கண்ணீரை அடக்க முகத்தை உயர்த்திக்கொள்கிறான், அவ்வளவே. 1963 சூன் மாதத்தில் அமெரிக்க விற்பனை வரிசையில் மூன்று வாரங்கள் முதலிடம் பெற்றது. மேலைநாட்டு வணிகர் அதற்கு இட்ட பெயரோ 'சுகியாகி'. அது ஓர் இறைச்சி உணவின் பெயர்! துயரப் பாடலுக்குச் சாப்பாட்டின் பெயர் சூட்டியும் அதன் துயரம் கேட்டோருக்கு விளங்கியது என்றால், அதை விளங்கச் செய்தது மெட்டே அன்றி வேறென்ன? சீரான நடையில் மெட்டு செல்கிறது. அழுகையின் ஓசை எங்கும் இல்லை. நடுப்பகுதியில் மட்டும் துணைச் சுரக்கூட்டு ஒரு கணம் இருண்டு மீள்கிறது. பியானோவில் அந்த ஒரு கணமே போதும். சாகமோட்டோ 1985 ஆகஸ்டு 12 அன்று 520 பேரைப் பலிகொண்ட விமான விபத்தில் தம் 43ஆம் வயதில் இறந்தார். இதை அறிந்தபின் அப்பாடலை முன்போல் கேட்க முடிவதில்லை.

இனி நம் மக்களைப் பற்றிய பாடலுக்கு வருவோம். 'நாகசாகி நோ கானே', அதாவது நாகசாகியின் மணி, 1949இல் வெளிவந்தது. சொற்கள் ஹச்சிரோ சாத்தோவுடையவை. இசை யூஜி கொசேகி. பாடியவர் இச்சிரோ ஃபுஜியாமா. அடிப்படையாக அமைந்தது கத்தோலிக்க மருத்துவர் தகாஷி நகாய் எழுதிய அதே பெயருடைய நூல். 1945 ஆகஸ்டு 9 அன்று முற்பகல் 11.02க்கு வெடித்த அணுகுண்டு ஊராகாமிப் பேராலயத்திலிருந்து ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தொலைவுக்குள் வீழ்ந்தது. இரண்டரை நூற்றாண்டு மறைவில் விசுவாசம் காத்தோரின் வழித்தோன்றல்களான ஊராகாமிக் கத்தோலிக்கர் 12,000 பேரில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். நகாய் தம் துணைவியார் மிதோரியின் எலும்புகளை வீட்டுச் சாம்பலில் செபமாலையோடு கண்டெடுத்தார். பேராலய இடிபாட்டிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட மணி ஒன்று அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது ஒலித்தது. அதுவே நூலுக்கும் பாடலுக்கும் பெயர் தந்தது.

அக்காலத்தில் ஜப்பான் அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்தது. ஜப்பானியர் மணிலாவில் புரிந்த கொடுமைகளைப் பற்றிய பின்னிணைப்போடு சேர்த்தே நகாயின் நூலை வெளியிட இசைவு கிடைத்தது. பாடலிலும் குண்டு என்ற சொல்லே இல்லை. சொல்லால் சொல்ல முடியாததை மெட்டு சொல்ல வேண்டியதாயிற்று. கொசேகி ஃபுகுஷிமாவில் கிமோனோத் துணி வணிகர் குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் படைவீரர் பாடல்களுக்கு இசையமைத்துப் புகழ்பெற்றவரும் அவரே. 1937இல் அவர் அமைத்த ஒரு பாடல் எண்ணற்ற இளைஞர்களைப் போர்க்களத்திற்கு வழியனுப்பியது. அதே கரமே மாண்டவர்களுக்கான இம்மெட்டையும் எழுதியது.

மெட்டின் முற்பகுதி துயர்மிகு சிறுவகைச் சுரக்கூட்டில் அமைந்தது; பிற்பகுதியில் திடீரெனப் பெருவகைக்கு மாறுகிறது. கர்நாடக இசை பயின்றோர்க்குச் சொல்வதானால், இவ்விரு மனநிலைகளையும் பிரிப்பது பெரிதும் காந்தாரத்தின் அரைச் சுர வேறுபாடே. பியானோவில் அது அடுத்தடுத்த இரு கட்டைகள். ஒரு விரல் இடைவெளியில் புலம்பல் ஆறுதலாகிறது.

ஆறுதல் இவ்வளவு எளிதாக வரலாமா என்பதே இங்கு எழும் கேள்வி. இது இசைக் கேள்வி மட்டுமன்று. 1945 நவம்பரில் ஊராகாமி இடிபாட்டிடையே நடந்த இறந்தோர் திருப்பலியில் உரையாற்றிய நகாய், மாண்டவர்களை உலக அமைதிக்காக ஒப்புக்கொடுக்கப்பட்ட செம்மறிக்கு ஒப்பிட்டார். தம் மனைவியை இழந்தவரின் வாயிலிருந்து வந்ததால் அச்சொல்லுக்கு மதிப்புண்டு. ஆயினும் குண்டு வீசியோரின் பொறுப்பை அது இறைவன்மேல் ஏற்றிவிடுகிறது என்று பின்னாளில் பலர், கத்தோலிக்கர் உட்பட, மறுத்தனர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 பிப்ரவரியில் ஹிரோஷிமாவில் நின்று, போர் மனிதனின் செயலே என்று ஐயத்திற்கிடமின்றி உரைத்தது இவ்விவாதத்தில் எடை மிக்கது. கடவுளின் திட்டம் என்ற சொல்லைச் சாவு வீட்டில் அவசரப்பட்டுச் சொல்லும் குருக்களாகிய எங்களுக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் கொசேகியின் மெட்டும் அதே அவசரத்தில் ஆறுதலுக்குத் தாவுகிறதா? வாத்தியக் குழுவோடு பாடப்பட்ட வடிவங்களைக் கேட்டால் ஆம் என்றே தோன்றும். பிற்பகுதியில் வயலின்கள் பொங்கியெழுந்து துயரை அடித்துச் சென்றுவிடுகின்றன. பியானோவில் தனியே கேட்கும்போதோ என் தீர்ப்பு மாறுகிறது. பெருவகைக்கு மாறிய பின்னும் ஒவ்வொரு சுரமும் ஒலித்தவுடன் மறைகிறது. மீண்டும் அடுத்த சுரணத்தில் சிறுவகைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. ஆறுதல் வந்துபோகிறது, தங்கிவிடவில்லை. இதுவே மெட்டின் நேர்மை என்பது என் கருத்து. இதை வாசிப்பவர் கெடுக்காதிருக்க வேண்டும்.

2011 மார்ச் 11 ஆழிப்பேரலைக்குப் பின் யோகோ கன்னோ இசையமைத்து, ஷுன்ஜி இவாய் எழுதிய 'ஹனா வா சாகு' 2012இல் வந்தது. இருவரும் பேரலை தாக்கிய மியாகி மாநிலத்தவர். இறந்தோரின் நிலையில் நின்று எழுதப்பட்ட பாடல் அது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் திருப்பயணிகளை இழந்த குடும்பங்களுக்கு அதன் பொருளை விளக்கத் தேவையில்லை. இசையாக மதிப்பிட்டால் அது சற்று இனிப்பு மிகுந்தது. நகமுராவின் கட்டுப்பாடு அதில் இல்லை.

நம் அடக்கத் திருப்பலிகளில் நிகழ்வதையும் சொல்லியாக வேண்டும். பெட்டி பீடத்தின்முன் வைக்கப்பட்டிருக்க, கீபோர்டின் தானியங்கித் தாளம் திருமண வீட்டு வேகத்தில் ஒலிக்கிறது. துயரத்திற்கு இடம் விடாத இசை அது. எங்கள் இளைஞர் நவம்பர் 2ஆம் நாள் நாகசாகி மெட்டை வாசிக்கலாமா என்று கேட்டார். திருப்பலிக்குள் வேண்டாம், அங்கே இறைமக்கள் பாடும் திருவழிபாட்டுப் பாடலுக்கே இடம் என்றேன். கல்லறை மந்திரிப்பு முடிந்து மக்கள் மெழுகுதிரி ஏற்றி நிற்கும் வேளையில் வாசிக்கலாம். தாளப் பொத்தானைத் தொடக்கூடாது. முற்பகுதியை மெதுவாக, இருமுறை வாசிக்க வேண்டும். பெருவகைக்கு மாறும் இடத்தில் ஒலியைக் கூட்டக்கூடாது. 2025 ஆகஸ்டு 9 அன்று, அமெரிக்கக் கத்தோலிக்கர் நிதி திரட்டி வார்த்தளித்த மணியும் சேர, ஊராகாமியின் இரு மணிகளும் எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஒன்றாக ஒலித்த செய்தியையும் அவருக்குக் காட்டினேன். மணி அளித்தவர் யார் என்பதைப் படித்துவிட்டு, முற்பகுதியை மூன்று முறை வாசிக்கலாமா, சாமி, என்று கேட்டார்.