மூலபாடமும் இடைச்செருகலும்: துருப்பிடித்த காரை முன்வைத்துச் சில குறிப்புகள்

துருவேறிய பழைய காரை வீட்டு ஷெட்டில் போட்டுச் சரிசெய்வது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் இதைச் சுற்றி இரண்டு சொல்லாடல்கள் மோதுகின்றன. ஒன்று மீட்டமைத்தல், மற்றது மாற்றியமைத்தல். தமிழ் படித்தவர்களுக்கு இது பழகின சண்டைதான். சுவடிகளை வைத்துக்கொண்டு எது மூலபாடம், எது இடைச்செருகல் என்று நாம் மல்லுக்கு நின்றோமே, அதேதான்.

1974இல் தோன்றிய கார்வெட் மீட்டமைப்பாளர்களின் தேசியச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆலையைவிட்டு வெளியே வந்த அன்று இருந்தபடியே கார் இன்றும் இருக்க வேண்டும் என்பது அதன் நடுவர்களின் அளவுகோல். எஞ்சினில் பொறித்த எண் பொருந்த வேண்டும். அன்று பெயிண்ட் சரியாக விழாத இடத்தில் இன்றும் சரியாக விழக்கூடாது. நன்றாகச் செய்தால் மதிப்பெண் போச்சு! ஓடும் வரிசையில் நின்ற தொழிலாளி அவசரத்தில் விட்ட பிசிறு இங்கே வேதவாக்காகிவிடுகிறது. அந்தத் தொழிலாளி யார் என்று கேட்க மதிப்பெண் தாளில் இடமில்லை.

இனி கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மெக்சிக வழிவந்த சிகானோ இளைஞர்கள், யாரோ ஓட்டிக் கழித்த செவர்லே கார்களை வாங்கித் தரையை உரசுகிற மாதிரி தாழ்த்தி, ஊர்ந்து போகிற வேகத்தில் தெருவில் ஓட்டினார்கள். 'லோரைடர்' என்று பெயர். வேகமே அமெரிக்கக் காரின் இலக்கணம் என்றிருந்த காலத்தில் மெதுவாகப் போவது ஒரு கலகம். அரசுக்கு அது உடனே புரிந்தது. சக்கர விளிம்பின் கீழ்மட்டத்தைவிடக் காரின் எந்தப் பாகமும் தாழ்ந்திருக்கக்கூடாது என்று 1958இல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது (பிரிவு 24008). அடுத்த வருடமே ரான் அகிரே தன் 1957 கார்வெட்டில் விமானங்களுக்கென்று செய்யப்பட்ட ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்திவிட்டார். போலீஸ் வந்தால் சுவிட்சைத் தட்டு, கார் எழுந்து நிற்கும்; போனதும் உட்கார்ந்துகொள்ளும். சங்கத்தார் பூஜிக்கிற அதே கார்வெட்தான் இது என்பது கவனத்திற்குரியது.

துருவுக்கு முன்னால் இரண்டு தரப்பும் ஒன்றுதான். மேலே ஒரு சின்னக் கொப்புளம் தெரியும். ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். தரைத்தகடு, கதவுக்கடியில் ஓடும் பெட்டிச்சட்டம், டிக்கியின் மூலை என்று தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் அரித்திருக்கும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, தேய்த்து, அப்புறம்தான் பட்டி பார்க்க வேண்டும். துருவின் மேலேயே பட்டியை அப்பினால் அது சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். காரைக் குதிக்கவைக்கிறவனுக்கு இன்னும் வேலை இருக்கிறது: 1958 முதல் 1964 வரையான இம்பாலாவின் எக்ஸ் வடிவச் சேஸுக்கே தகடு போர்த்தி வலுவேற்றியாக வேண்டும். ஆக, மீட்டமைத்தவரின் காரிலும் புதுத் தகடு ஏறியிருக்கிறது. எந்தத் தகடு மூலம், எது செருகல் என்று தீர்மானிப்பது சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம்.

இந்த அதிகாரம் செருகலையும் விழுங்கும். ஜெஸ்ஸி வாலடெஸின் 'ஜிப்ஸி ரோஸ்' ஒரு 1964 இம்பாலா. இளஞ்சிவப்பு உடலெங்கும் கையால் வரைந்த ரோஜாக்கள். 2017இல் அதைத் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்த்து, வாஷிங்டன் தேசியத் திடலில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தினார்கள். அபராதம் கட்டிய ஒரு சமூகத்துக்கு இந்த அங்கீகாரம் சும்மா கிடைத்துவிடவில்லை, சரி. ஆனால் இனி அந்த ரோஜாவில் எவனாவது ஓர் இதழைக் கூட்ட முடியுமா? இடைச்செருகல் மூலபாடமாகிவிட்டது. 2024 ஜனவரி முதல் அந்தத் தாழ்வுத் தடையும் நீங்கிவிட்டது.

கலகம் என்றதும் கைதட்டிவிடவும் கூடாது. 1977இல் தொடங்கிய 'லோரைடர்' பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டினால், பெண் என்பவள் பானெட்டின்மேல் சாய்த்துவைத்த இன்னோர் அலங்காரம். எதை வேண்டுமானாலும் மாற்றியமைத்தவர்கள் இந்த ஒன்றை மட்டும் ஆலையில் வந்தபடியே காப்பாற்றி வந்தார்கள். பெண்களே நடத்தும் லோரைடர் கழகங்கள் கலிபோர்னியாவில் உண்டு. அவர்கள் கட்டிய கார்களை எப்படி வாசிப்பது என்பது தனியே எழுதப்பட வேண்டியது.