வாக்குச்சீட்டோடு விற்ற பாட்டு

ஜப்பானின் ஏகேபி48 என்னும் பெண்கள் பாடற்குழு 2013 மே மாதம் வெளியிட்ட 'சயோனாரா க்ரால்' என்ற தனிப்பாடல் குறுந்தகடு, முதல் வாரத்திலேயே 17 லட்சம் படிகளுக்கு மேல் விற்று, 1968 முதல் அந்நாட்டின் இசைத்தட்டு விற்பனையைத் தரவரிசைப்படுத்திவரும் ஒரிகானின் அவ்வாண்டுத் தனிப்பாடல் பட்டியலில் முதலிடம் பெற்றது. இந்த விற்பனைக்குப் பாட்டைவிடப் பெரிய காரணம், தகட்டுறைக்குள் இருந்த ஒரு சிறு சீட்டு. அதில் அச்சிட்டிருந்த எண்ணை இணையத்தில் பதிந்தவர், குழுவின் அடுத்த பாட்டில் யார் யார் இடம்பெறுவது, யார் நடுவில் நிற்பது என்பதைத் தீர்மானிக்கும் 'பொதுத்தேர்தலில்' ஒரு வாக்கு அளிக்கலாம். தகடு ஒன்றுக்கு வாக்கு ஒன்று. எத்தனை தகடுகளையும் ஒருவரே வாங்கலாம்.

இம்முறையை வெறும் வணிகத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. தயாரிப்பாளர் அகிமோட்டோ யாசுஷி 2005-இல் டோக்கியோவின் அகிஹபாராவில் 250 பேர் கொள்ளும் சிற்றரங்கில் இக்குழுவைத் தொடங்கியபோதே, ரசிகர் நேரில் வந்து பார்த்து, தமக்குப் பிடித்தவரை வளர்த்தெடுக்கும் உறவுதான் அதன் அடித்தளமாக இருந்தது. 2009-இல் தொடங்கிய தேர்தல், நிர்வாகத்தின் கையிலிருந்த தேர்வுரிமையில் ரசிகருக்கும் பங்கு தந்தது. 2012-இல் ஃபுகுவோகாவின் எச்கேடி48 கிளைக்கு மாற்றப்பட்ட சஷிஹாரா ரினோ, அடுத்த ஆண்டே 1,50,570 வாக்குகள் பெற்று, முந்தைய தேர்தலில் முதலிடம் பெற்றிருந்த ஓஷிமா யூகோவை முந்தினார். ரசிகர்களின் பற்று இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆனால், ஒரே ரசிகர் நூறு தகடுகள் வாங்கினாலும் பாட்டைக் கேட்பவர் ஒருவர்தான். வாக்குக்காகச் செலவழித்த பணமும் பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பும் ஒரே எண்ணிக்கையில் கலந்துவிட்டதே இம்முறையின் ஆழமான குறை. சஷிஹாரா நடுவில் நின்று பாடிய 'கோய் சுரு ஃபார்ச்சூன் குக்கீ' அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்தது. கைகுலுக்கும் நிகழ்ச்சிக்கான சீட்டு அதிலும் உண்டு என்றாலும் வாக்குச்சீட்டு இல்லை. ஆண்டுப் பட்டியலில் அது 'சயோனாரா க்ரா'லுக்கு அடுத்த இடத்திலேயே நின்றது. ஆயினும் கனகாவா மாகாண அரசு ஊழியர்கள் முதல் பலதரப்பட்டவர்களும் ஆடிப் படம்பிடித்து வெளியிட்டதும், பின்னர் தாய்லாந்தில் பிஎன்கே48 குழுவைப் புகழ்பெறச் செய்ததும் இந்தப் பாட்டுதான். மக்களிடம் பரவிய பாட்டைத் தரவரிசை இரண்டாவதாகக் காட்டியது.

வாக்கு போட்டபின் மிஞ்சும் தகடுகள் கேட்பாரற்றுப் போயின. 2017-இல் ஃபுகுவோகா மாகாண மலைப்பகுதியில் 500-க்கும் மேற்பட்ட தகடுகளைக் கொட்டிய ஒருவர்மீது காவல்துறை நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. இளம்பெண்களின் மதிப்பை ஆண்டுதோறும் ஊரறிய எண்ணால் அளந்ததும் எளிதில் ஏற்கத்தக்கதன்று.

2018-இல் வாக்குச்சீட்டோடு வந்த 'டீச்சர் டீச்சர்' ஒரிகானின் ஆண்டுத் தனிப்பாடல் பட்டியலில் முதலிடம் பெற்றது. பதிவிறக்கம், இணையவழிக் கேட்பு, காணொளிப் பார்வை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் பில்போர்டு ஜப்பானோ, அவ்வாண்டு யோனேசு கென்ஷியின் 'லெமன்' பாட்டை முதலிடத்தில் வைத்தது. ரசிகரின் பற்றை அளக்க வாக்கு எண்ணிக்கையே போதும். அதைப் பாட்டின் விற்பனைக் கணக்கில் சேர்த்தது தவறு. அந்த ஆண்டுக்குப் பின் இத்தேர்தல் நடத்தப்படவில்லை.