அணிபவரும் காணப்படுபவரும்

புதிய கருவிகளை மக்கள் ஏற்பதேன் என்பதை ஆராய்ந்த பிரெட் டேவிஸ், 1989இல் வெளியிட்ட கட்டுரையில் இரு காரணிகளை முதன்மைப்படுத்தினார். கருவி பயனுடையது என்ற எண்ணம் ஒன்று. கையாள எளிது என்ற எண்ணம் மற்றையது. பணியிடக் கணினியை நோக்கி எழுந்த இக்கோட்பாடு, உடலில் அணியும் கணினிக்கும் முற்றாகப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

கூகிள் நிறுவனம் 2013இல் கமரா பொருத்திய 'கூகிள் கிளாஸ்' என்னும் கண்ணாடியை அமெரிக்காவில் 1500 டொலருக்கு விற்றது. எதிரே இருந்தோர் தாம் படம்பிடிக்கப்படுகின்றோமோ என ஐயுற்றனர். சில மதுச்சாலைகள் தடைவிதித்தன. 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. உயர்ந்த விலையும் ஒரு காரணமே. எனினும் அணியாதோரின் எதிர்ப்பைப் புறக்கணித்தல் இயலாது. டேவிஸின் கோட்பாட்டில் இவர்களுக்கு இடமில்லை. 2000இல் அது விரிவாக்கப்பட்டபோது பிறர் கருத்தும் சேர்க்கப்பட்டது, ஆயின் அங்கும் பிறர், பயனரைத் தூண்டுவோராகவே வருகின்றனர், பாதிக்கப்படுவோராக அல்லர்.

2023இல் வெளிவந்த மெற்றாவின் ரேபான் கண்ணாடியிலும் கமரா உண்டு. வழக்கமான கண்ணாடியின் தோற்றத்தையே கொண்ட அது, 20 இலட்சம் விற்பனையானதாக 2025இன் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. படமெடுக்கையில் ஒளிரும் சிறுவிளக்கொன்றே எதிரிலிருப்போருக்கான அறிவிப்பு. பழைய ஐயம் தீர்ந்துவிட்டதா, அன்றிக் கமரா கண்ணிற் படாது போயிற்றா? விற்பனைத் தொகை வாங்கியோரின் விருப்பத்தையே காட்டும்; காணப்படுவோரின் சம்மதத்தைக் காட்டாது. அச்சம்மதத்தைக் கருதாத கோட்பாடு சந்தைக்கு உதவலாம். சமூக ஆய்வாக அது நிறைவுபெறாது.