துயரின் முன் ஒரு சொல்: உருக்காலையில் 'கரமாஸோவ் சகோதரர்கள்'

1878ஆம் ஆண்டு மே மாதம், மூன்று வயதுகூட நிறையாத தம் மகன் அல்யோஷாவை ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி வலிப்பு நோய்க்குப் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டில் அவர் வெளியிடத் தொடங்கிய 'கரமாஸோவ் சகோதரர்கள்' நாவலில் சகோதரர்களுள் இளையவனுக்கு அப்பெயரையே சூட்டினார். அந்நாவலின் கதை ஒரு தந்தையின் கொலையைப் பற்றியது. ஆனால் அதன் ஆறாத புண் குழந்தைகளின் துன்பமாகும். ஒரு குழந்தையின் கண்ணீரை விலையாகக் கேட்கும் இறுதி நல்லிணக்கம் தனக்கு வேண்டாமென்று இவான் தன் தம்பியிடம் வாதிடும் பகுதி, இறைமறுப்பாளரையும் இறைநம்பிக்கையாளரையும் ஒருங்கே உலுக்கியதாகும்.

இந்நாவலின் மேடை வடிவத்தை ஒரு நாடகக் குழு ஒத்திகை பார்ப்பதாக அமைந்தது, செக் இயக்குநர் பெத்ர் ஸெலென்காவின் 'கரமாஸோவி' (2008) என்னும் திரைப்படம். மேடை வடிவத்தை ஆக்கியவர் ஏவால்ட் ஷோர்ம். 1968ஆம் ஆண்டின் சோவியத் படையெடுப்புக்குப் பின்னர் திரைத்துறையின் கதவு அடைக்கப்பட்டு நாடகமேடையில் புகலிடம் தேடிய கலைஞர் அவர். பிராகிலிருந்து வரும் குழுவினர், போலந்தின் கிராகோவ் நகரின் ஒரு பகுதியான நோவா ஹூத்தாவின் உருக்காலையில் ஒத்திகையைத் தொடங்குகின்றனர்.

இந்த இடத்தேர்வு தற்செயலானதன்று. நோவா ஹூத்தா, 1949இல் தொடங்கி பொதுவுடைமை அரசு கட்டியெழுப்பிய தொழிலாளர் நகரம். அதன் திட்டத்தில் வழிபாட்டில்லத்திற்கு இடமளிக்கப்படவில்லை. 1960இல் அங்கு நடப்பட்டிருந்த சிலுவையை அகற்ற முற்பட்டபோது மக்கள் காவல் படையினருடன் மோதினர். நெடும் போராட்டத்திற்குப் பின்னர் 1977இல்தான் தேவாலயம் திறக்கப்பட்டது. இறைவனுக்கு இடமில்லை என்று வரையப்பட்ட நகரில், இறைவன் இல்லையெனில் எதுவும் ஆகுமா என்னும் வினா எழுப்பப்படுகிறது.

ஒத்திகையை ஆலைப் பணியாளர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். விபத்தில் சிக்கிய அவருடைய சிறு மகன் மருத்துவமனையில் கிடக்கிறான். பின்னர் அவன் இறந்த செய்தி வருகிறது. அதன் பின்னும் அவர் நாடகத்தைப் பார்ப்பவராகவே இருக்கிறார். இவானாக நடிக்கும் ஈகோர் ஹ்மேலாவின் சொல்வன்மை வியக்கத்தக்கது. எனினும், குழந்தைகளின் துன்பம் குறித்து மனனம் செய்யப்பட்ட வாதம், குழந்தையை இழந்தவரின் செவியில் விழும்போது அது வாதமாக நிற்பதில்லை. படத்தின் உண்மையான வெற்றி இங்குதான் உள்ளது. தந்தையின் துயர் நாடகத்துடன் அளவெடுத்தாற்போல் பொருந்திவிடுவதே அதன் குறையுமாகும். சில இடங்களில் அத்துயர் ஒரு கருத்தின் சான்றாகச் சுருங்கிவிடுகிறது.

இவானின் முறையீட்டைக் குஃப்ர் என்று ஒதுக்கி மறுப்புரை எழுதுவது நமக்கு எளிது. ஆனால் நாம் வெள்ளிதோறும் ஓதும் அல்கஹ்ஃபு அத்தியாயத்தில், சிறுவன் ஒருவன் கொல்லப்பட்டபோது மூஸா (அலை) அவர்கள் பொறுத்துக்கொள்ள இயலாமல் ஆட்சேபித்தார்கள். அதற்காக அவர்களது ஈமான் ஐயுறப்படவில்லை. யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் மகனுக்காகத் துயருற்று வெளுத்தன. அவர்கள் மேற்கொண்டதே அழகிய பொறுமை என்றும் திருமறை காட்டுகிறது. தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். அது கண்டு வியந்த தோழரிடம் அக்கண்ணீரை அருளென்றே விளக்கினார்கள்.

அவ்வாறாயின் இவானுக்கும் யஃகூப் (அலை) அவர்களுக்கும் வேறுபாடு யாது? அரபு இலக்கணம் பயில்வோர் இதனை எளிதில் உணர்வர். இவான் இறைவனைப் பற்றித் தம்பியிடம் பேசுகிறான். அவனது வாதத்தில் இறைவன் 'காயிப்', அதாவது படர்க்கை. யஃகூப் (அலை) அவர்களோ தம் துயரை இறைவனிடமே முறையிடுவதாகக் கூறினார்கள். அங்கே இறைவன் 'முகாதப்', முன்னிலை. ஃபாத்திஹா அத்தியாயமும் படர்க்கையில் தொடங்கி இடையில் முன்னிலைக்குத் திரும்புகிறது. 'இல்திஃபாத்' என்று அணி நூலார் போற்றும் இத்திருப்பம் வெறும் சொல்லழகன்று. அதுவே ஈமானின் பாதை. ஸெலென்காவின் நடிகர்கள் படர்க்கையின் எல்லைவரை நம்மை அழைத்துச் செல்கின்றனர். அதற்கப்பால் செல்ல மேடைக்கு வழியில்லை.

ஆயினும் இப்படம் நம்மை நோக்கியும் ஒரு வினாவை எழுப்புகிறது. மையித்து வீட்டில் நாம் கூறும் ஸப்ர் பற்றிய சொற்களும் பலமுறை ஒத்திகை பார்க்கப்பட்டவைதாமே? எதிரே அமர்ந்திருக்கும் தந்தையைப் பாராமலேயே அவற்றை ஒப்பித்துவிட்டு எழுந்து வருகிறோம். மரணச் செய்தி கேட்டதும் நாம் மொழியும் இஸ்திர்ஜாஉ தன்மைப் பன்மையில் அமைந்திருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். துயருற்றவருக்கு மேலே நின்று உபதேசிக்கும் வாக்கியமன்று அது. அவருடன் நம்மையும் சேர்த்து, நாம் அனைவரும் திரும்பிச் செல்பவர்களே என்று அறிக்கையிடுவது. அதனை அவரருகே அமர்ந்து சொல்வதே அதற்குரிய அதபு.